கப்பலில் டைம் ஆபீஸ்

நவம்பர் 30, சனி

மங்கை போன் செய்தாள். திங்கட்கிழமை கப்பல். மதியம் இரண்டு மணிக்குள் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆனதற்கு மகள் தரும் பரிசாம். அம்பாந்தோட்டை, திருகோணமலை போய்விட்டு சனிக்கிழமை காலை திரும்பவும் சென்னை.

எனக்கு ஒன்றும் பெரிய ஆசை இல்லை. ஆனாலும் கப்பலுக்கு எத்தனை மாடி, எவ்வளவு நீளம் என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டேன். பதினோரு மாடி! தண்ணீரின் மேல் பதினோரு மாடி எப்படி நிற்கும்?

வடிவு நாலு நாளாகப் பெட்டி அடுக்குகிறாள். பயணம் முடிந்ததும் சென்னையில் மங்கை வீட்டில் இருக்கப் போகிறாளாம். "எத்தனை நாள்?" என்றேன். "இருப்பேன்" என்றாள். பாஸ்போர்ட் வேண்டும், சரி. பாங்க் பாஸ்புக்கும் மூட்டுவலி டாக்டரின் பழைய சீட்டுகளும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் கோவில்பட்டி திரும்ப ஏழாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரு டிக்கெட்.

டிசம்பர் 2, திங்கள்

ஒன்று பத்துக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டோம். கீழே நின்று பார்த்தால் கப்பல் மாதிரியே இல்லை. வெள்ளைச் சுவர், அதில் ஆயிரம் ஜன்னல். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டு, "ஆறுமுகநயினார் சார், சண்முகவடிவு அம்மா, வாங்க வாங்க!" என்றாள். எப்படிப் பெயர் தெரிந்தது என்று கேட்டேன். முந்தின நாளே பயணிகள் பட்டியலைப் படம் பார்த்துப் படித்துவிடுவாளாம். எல்லாப் பெயரும் நிற்காது, பாதி நிற்கும் என்றாள். டெல்சி மொராயிஸ், தூத்துக்குடிக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் 'குரூஸ் டைரக்டர்' என்று வில்லை.

"என்ன படம் எடுக்கிறீர்கள்?" என்றேன்.

"படம் இல்ல சார். கப்பலை ஓட்டுறது கேப்டன். உள்ள இருக்கிற ஆயிரத்து இருநூறு பேரோட பொழுதை ஓட்டுறது நான். காலையில யோகாவுல இருந்து சாயங்காலம் கச்சேரி வரைக்கும் என் பொறுப்பு. உங்களுக்குப் பொழுது போகலைன்னா என்னையத்தான் திட்டணும். எந்த ஊரு?"

"கோவில்பட்டி. மில்லில் டைம் ஆபீஸ், வருகைப் பதிவு. இருபத்தாறு வருஷம்."

"அப்போ சார் இல்ல, அண்ணாச்சி!" என்று வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரவேற்பு நிகழ்ச்சி நாலரை மணி என்று அச்சடித்திருந்தார்கள். தொடங்கியது நாலு முப்பத்தொன்பது. குறித்துக்கொண்டேன்.

கப்பல் கிளம்பியதே தெரியவில்லை. துறைமுகத்துக் கிரேன் பின்னால் போவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "வடிவு, நகருது! நகருது!" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வடிவு சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று. பல் டாக்டரிடம் காட்டியதிலிருந்து சிரிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

நாள் முழுவதும் கடல். நாலு பக்கமும் ஒரு வீடு, ஒரு மரம் கிடையாது.

யோகா ஆறு நிமிடம் தாமதம். சமையல் செய்து காட்டுவது ஏழு நிமிடம். நடன வகுப்பு பன்னிரண்டு நிமிடம். வடிவு எல்லாவற்றுக்கும் போனாள். நான் வாசல் ஓரமாக நின்று நேரம் எழுதினேன். "நீங்க அறைக்குப் போயி படுங்களேன்" என்று இரண்டு தரம் சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதியம் பெரிய ஹாலில் 'தெரியுமா உங்க துணையை?' என்று ஒரு போட்டி. பத்துத் தம்பதிகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்களையும் டெல்சி இழுத்துவிட்டாள்.

மனைவிக்குப் பிடித்த இனிப்பு? கடலைமிட்டாய் என்று எழுதினேன். கோவில்பட்டியில் இருந்துகொண்டு வேறென்ன எழுத? அவளுக்குப் பல் கூசுகிறதாம், பத்து வருஷமாகத் தொடுவதில்லையாம். நெருங்கிய தோழி? எதிர்வீட்டுப் பிரமு என்று எழுதினேன். இருவருக்கும் போன வருஷத்திலிருந்து பேச்சு இல்லையாம். நிறைவேறாத ஆசை? காசிக்குப் போவது என்று எழுதினேன். அவள் சீட்டில் 'மேடையில் ஏறுவது' என்று இருந்தது. ஹால் முழுவதும் "ஓ" என்றது. ஐந்துக்குப் பூஜ்யம்.

அவளுக்கு ஐந்துக்கு ஐந்து. கடைசிக் கேள்வி, உங்கள் கணவர் எதற்கு ரொம்பப் பயப்படுவார்? பாம்பு என்றுதான் நான் நினைத்தேன். அவள் 'சும்மா இருக்கிறதுக்கு' என்று எழுதியிருந்தாள். "சரியா அண்ணாச்சி?" என்று டெல்சி மைக்கை நீட்டினாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கீழே இறங்கியதும் புகார் எழுத உட்கார்ந்தேன். தாமதங்களின் பட்டியல் தேதி நேரத்தோடு ஒன்றரைப் பக்கம் வந்தது. கொடுக்கப் போனபோது டெல்சியும் வடிவும் டீ மேஜைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லியிருப்பாள்.

டெல்சி என் தாளை ஒரு வரி விடாமல் படித்தாள். மன்னிப்புக் கேட்பாள், அல்லது மழுப்புவாள் என்று பார்த்தேன்.

"அண்ணாச்சி, நீங்க எழுதினது அத்தனையும் உண்மை. எனக்கு எட்டுப் பேர்தான். ஓட முடியல. ஒரு உதவி செய்வீங்களா?" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு வெண்கல மணியையும், காலி வில்லை ஒன்றையும் எடுத்தாள். வில்லையில் அவளே எழுதினாள், 'நேரக் கண்காணிப்பாளர்'. "நாளையில இருந்து எந்த நிகழ்ச்சியும் நீங்க மணி அடிச்சாத்தான் தொடங்கும். நீங்க அடிச்சாத்தான் முடியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். ஒப்புக்கொண்டேன்.

டிசம்பர் 4, புதன்

இன்றைக்கு ஏழு நிகழ்ச்சிகள். ஒன்றுகூட ஒரு நிமிடம் தாமதமில்லை! ஐந்தாவது மாடியிலிருந்து ஒன்பதாவது மாடிக்கு லிப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினேன். அறுபத்துமூன்று வயது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குழந்தைகள் 'மணி தாத்தா' என்கிறார்கள். கண்டிக்கவில்லை.

அம்பாந்தோட்டையில் இறங்கி பஸ்ஸில் யானை பார்க்கப் போனோம். திரும்பும்போது ஒரு தம்பதி பதினைந்து நிமிடம் பிந்தி வந்தார்கள். பஸ் படியிலேயே நிறுத்தி, "மணி என்ன?" என்றேன், மில் கேட்டில் கேட்பதுபோல. அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. டெல்சி என்னைப் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, கடிகாரத்தைப் பாருங்க. அதோட சேர்த்து ஆளு மூஞ்சியையும் பாருங்க. அந்த அக்காவுக்கு முட்டு ஆபரேஷன் ஆகி நாலு மாசம்தான் ஆகுது. ஏன் லேட்டுன்னு முதல்ல கேளுங்க. நாலு நாள் சந்தோஷமா இருக்கலாம்னு வந்தவங்க. நீங்க இப்ப கேட்ட ஒரு கேள்வியில அவங்களுக்கு இன்னைக்குப் பாத்த யானையே மறந்துபோகும்."

மில்லில் தாமதப் பதிவேட்டில் பெயர், டோக்கன் எண், வந்த நேரம் என்று மூன்று கட்டம் உண்டு. காரணம் என்று ஒரு கட்டம் கிடையாது. அதனால் நான் கேட்டதில்லை.

அந்த அம்மாளிடம் போய், முட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, என் இருக்கையைக் கொடுத்தேன். முன்சீட், கால் நீட்ட வசதி. திரும்பும் வழி முழுக்க அவர் யானையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வடிவு ஜன்னலைப் பார்த்தபடி, "கேக்கவும் தெரியுதே" என்றாள். வெளியே யாரிடமோ சொன்னதுபோல இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று அடுப்படிக் கதவில் கால அட்டவணை ஒட்டியிருந்தேன். காபி ஆறு பத்து, இட்லி ஏழு நாற்பது, இப்படி. செப்டம்பரில் வடிவு அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, மங்கைக்குப் போன் செய்தாள். அதில் காரணக் கட்டம் இல்லாதது குறையாக இருந்திருக்குமோ என்று இன்று தோன்றியது.

டிசம்பர் 5, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கேப்டன் அறிவித்தார். காற்று பலமாக இருக்கிறது, திருகோணமலைத் துறைமுகத்துக்குள் போக அனுமதி இல்லை.

வடிவு நாலு மணிக்கே குளித்து, பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். கோணேசர் கோயில் மலையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதால்தான் மங்கை இந்தக் கப்பலை எடுத்தாளாம். எனக்கு இன்றுதான் தெரியும். பூவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

கீழே வரவேற்பு மேஜையைச் சுற்றி இருநூறு பேர். சேலத்துக்காரர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "எங்கள ஏமாத்திட்டீங்க! கோயிலுக்குன்னுதானே வந்தோம்!" என்னைப் பார்த்ததும், "இதோ, பேட்ஜ் போட்ட ஆளு இருக்காரு. நீங்க முன்னால நின்னு கேளுங்க ஐயா, நாங்க பின்னால நிக்கிறோம்" என்று என்னை முன்னுக்குத் தள்ளினார். புகார் எழுதுவதில் எனக்கு அனுபவம் உண்டு. பேனாவை எடுத்துவிட்டேன்.

டெல்சி ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"உள்ள போக முடியாது. இன்னைக்கு முடியாது. நான் பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் போறதில்ல. கோவம் வந்தா என்மேல காட்டுங்க, கேப்டன்மேல காட்டாதீங்க, அவருக்கு ஓட்டுற வேலை இருக்கு. எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுங்க. ஏதாவது செய்யுறேன்."

குரல் சிரித்தபடிதான் இருந்தது. நான் பக்கத்தில் நின்றதால் கை தெரிந்தது. மைக் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. நேற்றும் முந்தாநாளும் ஆயிரத்து இருநூறு பேரையும் சிரிக்க வைத்த கை. அது நடுங்கினால் இந்தக் கப்பலில் யாருக்கும் இன்றைய நாள் கிடையாது என்று சட்டென்று புரிந்தது.

பேனாவைப் பையில் போட்டுவிட்டு மணியை அடித்தேன். பலமாக. இருநூறு பேரும் அமைதியானார்கள்.

"அந்தம்மா அரை மணி கேட்டிருக்கிறார்கள். இப்போது எட்டு இருபத்திரண்டு. எட்டு ஐம்பத்திரண்டுக்கு எல்லாரும் இதே இடத்துக்கு வாங்க. ஒரு நிமிடம் பிந்தினால் நானே கேட்பேன்!" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர். சேலத்துக்காரர்கூட, "மணிக்காரரே சொல்லிட்டாரு, வாங்க காபி குடிப்போம்" என்று நகர்ந்தார்.

எட்டு ஐம்பதுக்கே டெல்சி திரும்பி வந்தாள். கேப்டனிடம் மன்றாடியிருக்கிறாள். துறைமுகத்துக்கு வெளியே, கோயில் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் மெதுவாகப் போகும்! எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடினோம். காற்றில் புடவையும் வேட்டியும் பறக்க, பத்து நாற்பதுக்கு மூடுபனி விலகினாற்போல மலை தெரிந்தது. செங்குத்தான பாறை, மேலே கோயில். பயணிகளில் மயிலாடுதுறைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து அவர் கையில் மைக்கைக் கொடுத்திருந்தாள் டெல்சி. அவர் கணீரென்று தேவாரம் பாடினார். அறுநூறு பேர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வடிவு என் தோளைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தாள். இறங்கிப் போயிருந்தால் வரிசையில் நின்று கால் வலித்திருக்கும் என்று சேலத்துக்காரரே சொன்னார்.

சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். 'நாளை மேடை உங்களுடையது. ஒருவருக்கு ஐந்து நிமிடம்.' பதினோராவது பெயர்: சண்முகவடிவு, கோவில்பட்டி. நிகழ்ச்சி: பல குரல்.

வேறு சண்முகவடிவு யாரும் கப்பலில் இல்லை. டெல்சியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

ஒழுங்காக எழுத வரவில்லை.

மாலை ஐந்தரைக்கு மணி அடித்துத் தொடங்கினேன். மேடைக்குக் கீழே முதல் வரிசை ஓரத்தில் என் இடம். கையில் மணி, மடியில் கடிகாரம். பத்துப் பேர் முடிந்தார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் மணி. யாருக்கும் சலுகை இல்லை. பாட்டின் நடுவில்கூட அடித்தேன்.

வடிவு வந்தாள். டெல்சி அவள் காதில் ஏதோ சொல்லி முதுகில் தட்டி அனுப்பினாள். மேடையின் நடுவில் நின்றவள், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். இடது கையைத் தூக்கி இல்லாத கடிகாரத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். என் தொண்டை.

"மூணு நிமிஷம். மூணு நிமிஷத்துல எத்தனை இழை அறுந்திருக்கும் தெரியுமா உமக்கு?"

என் குரல்! இருபத்தாறு வருஷம் மில் கேட்டில் நான் சொன்னது, எழுத்துப் பிசகாமல்.

"சார், பஸ்சு பஞ்சராயிட்டு சார்" என்று ஒரு தொழிலாளி குரல். அது ஸ்பின்னிங் பிரிவு மாடசாமி. அவனேதான்.

"பஸ்சுக்கு நான் வருகைப் பதிவு போடலை. உமக்குத்தான் போடுதேன்."

ஹால் அதிர்ந்தது. அடுத்து, அந்த ஆபீசர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிறார். வீட்டில் தொழிலாளி இல்லை. அடுப்பிலிருக்கும் பாலிடம் விளக்கம் கேட்கிறார். "ஏழு பத்துக்குப் பொங்கணும். இப்ப மணி ஏழு பதினாலு. என்ன செய்துக்கிட்டிருந்த?" மதிலில் உட்கார்ந்த காக்காவிடம், "நேத்து பத்து நாப்பது. இன்னைக்குப் பத்து அம்பது. இப்படியே போனா சோறு கிடையாது பாத்துக்கோ." காக்காவாக அவளே பணிந்து பதில் சொன்னாள். சேலத்துக்காரர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து கீழே சரிந்துவிட்டார். அத்தனை பேரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் நாற்பது விநாடி.

அப்போது அவள் கண்ணாடியைச் சரியாகப் போட்டாள். இடுப்பில் சாப்பாட்டுத் தூக்கு இருப்பதுபோல் சாய்ந்து நின்றாள். இந்தத் தடவை அவள் சொந்தக் குரல்.

"ஏங்க. சாப்பாடு கொண்டாந்திருக்கேன். வாங்க."

என் குரல்: "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

அவள் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. வெயிலுக்குப் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கால் மாற்றி நின்றாள். தூக்கைக் கை மாற்றினாள். சாலையைப் பார்த்தாள். நிஜமாகவே வெகுநேரம் நின்றாள். மில் கேட்டுக்கு வெளியே நிழல் கிடையாது. அது எனக்குத் தெரியும். நான் உள்ளே இருந்தேன்.

பிறகு கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மொத்தம் ஒன்பது நிமிடம் ஆகியிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஏசி காற்றுக்கு என் கண்ணாடி ஈரமாகிவிட்டது, கடிகாரம் சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வடிவு கேட்டாள், "ஏன் மணி அடிக்கல?"

"கவனிக்கலை."

"நீங்களா?" என்றாள்.

டிசம்பர் 7, சனி

சென்னை. இறங்கும் வழியில் டெல்சி நின்று ஒவ்வொருவரையும் வழியனுப்பினாள். இப்போதும் பெயர் சொல்லித்தான். இரண்டு மணிக்கு அடுத்த ஆயிரத்து இருநூறு பேர் ஏறுகிறார்களாம், அவர்கள் பட்டியல் அவள் கக்கத்தில் இருந்தது.

"எல்லார்கிட்டயும் இப்படித்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எல்லார்கிட்டயும்தான் அண்ணாச்சி. அது என் வேலை" என்றாள். "ஆனா நேத்து நான் அழுதேன். அது வேலை இல்ல."

எனக்கு மணி கொடுத்தது நல்ல யோசனை என்று பாராட்டினேன். "அது என் யோசனை இல்லையே" என்று வடிவைப் பார்த்துச் சிரித்தாள். கேப்டனின் யோசனையாக இருக்கும்.

மங்கை காரோடு நின்றிருந்தாள். வடிவு ஏறி உட்கார்ந்தாள். "எத்தனை நாள் இருப்ப?" என்று கேட்க வாயெடுத்து, "உனக்கு என்ன செய்யணும்னு இருக்கு வடிவு?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் யோசிக்க ஆரம்பிச்சிருக்கேன். யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ரயிலில் எதிர்சீட்டுக்காரரிடம் மதுரை வரும்வரை கப்பலைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

காபி எட்டு மணிக்கு. இட்லி கடையில்.

டிசம்பர் 18, புதன்

மில் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். ஆண்டு விழா ஜனவரி ஐந்து. வருஷா வருஷம் விளக்கேற்றி, நாலு பேர் பேசி, சாப்பிட்டுக் கலைவோம். பாதிப் பேர் பந்திக்குத்தான் வருவார்கள். இந்த வருஷம் நான் பொறுப்பேற்கிறேன் என்று எழுந்து சொன்னேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கேட்டில் நிறுத்தாத ஆள் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். முப்பத்தொரு வீடு முடிந்தது. விழாவில் என்ன இருந்தால் பிடிக்கும் என்று கேட்டேன். மாடசாமி வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டான். "சார், நீங்க கேக்கவா வந்தீய?" என்றான். அவனுக்குப் பழைய கபடி கோஷ்டியோடு ஒரு படம் எடுக்க ஆசை. ரீலிங் பிரிவு லட்சுமிக்குக் கும்மி. ஒருவருக்கு ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் போதுமாம். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கால் வலி தெரியவே இல்லை!

டிசம்பர் 27, வெள்ளி

வடிவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். போனில் சொன்னால் நான் உளறிவிடுவேன். சங்கத்தின் சார்பில் முறையான அழைப்பு. 'தங்களது பல குரல் நிகழ்ச்சியை எங்கள் ஆண்டு விழாவில் நடத்தித் தர வேண்டுகிறோம். கப்பலில் செய்த அதே நிகழ்ச்சி. ஒன்றையும் குறைக்க வேண்டாம். நேரக் கட்டுப்பாடு இல்லை. தங்கள் வசதியும் தேவைகளும் அறிய ஆவல்.'

அந்த ஹாலில் உட்காரப் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மாடசாமி முதல் வரிசையில் இருப்பான்.

ஜனவரி 2, வியாழன்

இன்னும் பதில் இல்லை. தபால்காரரிடம் இரண்டு தரம் கேட்டாயிற்று.

ஜனவரி 3, வெள்ளி

காலை பதினோரு மணிக்குப் போன்.

"கடுதாசி கெடச்சுது. நெசமாத்தான் எழுதினீங்களா?"

"நிஜமாகத்தான்."

"மில்லு ஆளுக அத்தனை பேரு முன்னாலயும் செய்யணுமா? சிரிப்பாங்களே உங்கள."

"சிரிக்கட்டும். நானும் முன்னால உட்கார்ந்து பார்க்கணும். அன்னைக்குச் சரியாப் பார்க்கலை."



"மைக்கை கையில புடிச்சுக்கிட்டு செய்ய முடியாது. காக்கா செய்யும்போது ரெண்டு கையும் வேணும். புடவையில குத்துற மைக்கு இருக்கும்லா, அது வேணும். கெடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன். கோவில்பட்டியில் அது இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஜனவரி 4, சனி

நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்று பேர் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். நாலாவது, மார்க்கெட் ரோட்டில் மேடை ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், கல்யாண வீட்டுக்குப் போனதை வரவழைத்துத் தந்தார். வீட்டில் என் சட்டையில் குத்திக்கொண்டு காக்கா மாதிரி கத்திப் பார்த்தேன். தெளிவாகக் கேட்கிறது. எதிர்வீட்டுப் பிரமு ஜன்னலைத் திறந்து பார்த்தார். நாளை விழாவுக்கு வாருங்கள், வடிவு மேடையில் ஏறுகிறாள் என்று கூப்பிட்டேன். வருகிறாராம்.

வடிவு வரும் ரயில் நாளை காலை ஆறரைக்கு. பிந்தினாலும் பரவாயில்லை. நான் ஐந்து மணிக்கே போய் நிற்கப் போகிறேன்.